வடகிழக்கு இங்கிலாந்தின் கட்டடங்கள்: பன்னிரண்டு நாளில் எவற்றை வரைவது?

உவர்மலைப் படவரைஞர் கேட்கிறார்:

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு வணக்கம். அரச திணைக்களம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் படவரைஞராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மகள் நியூகாசிலில் மேற்படிப்புப் படிக்கிறாள். வரும் மே மாதம் நானும் மனைவியும் அவளிடம் சென்று பன்னிரண்டு நாள் தங்கவிருக்கிறோம். இலண்டனுக்குப் போகும் எண்ணம் இல்லை. அங்குள்ள கட்டடங்களைப் படங்களில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மேலும், ஓர் ஊரில் தங்கி அதன் சுற்றுப்புறத்தை ஆறுதலாகப் பார்ப்பதே என் வயதுக்கு ஏற்றது.

புதிதாக வாங்கிய வரைபுத்தகம் ஒன்றைக் கொண்டுபோகிறேன். அதில் பத்துக் கட்டடங்களையாவது நேரில் நின்று வரைய வேண்டும் என்பது என் ஆசை. பழையவற்றைத் தெரிவதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. டர்ஹாம் பேராலயத்தைப் பார்க்காமல் வரமாட்டேன். புதியவற்றில்தான் நம்பிக்கை குறைவாக இருக்கிறது. கண்ணாடியையும் உருக்கையும் கொண்டு பளபளப்பாகக் கட்டப்படுபவை கொழும்பிலும் ஒன்றுதான், துபாயிலும் ஒன்றுதான், அங்கும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த மண்ணிலன்றி வேறெங்கும் நிற்கப் பொருந்தாது என்று சொல்லத்தக்க புதிய கட்டடம் அந்தப் பகுதியில் உண்டா? அங்கு வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால் அறியத்தாருங்கள். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு என்பதால், ஏறி இறங்க வேண்டிய இடங்களையும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.

வியர் ஆற்றங்கரையான் எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். நான் நம் திருகோணமலை உப்புவெளியில் பிறந்து, பதினொரு ஆண்டுகளாக டர்ஹாமில் இருக்கிறேன். தொழிலால் கட்டுமானப் பொறியியலாளன். ஆகவே என் பதில் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

பேராலயத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அதன் கட்டுமானம் 1093இல் தொடங்கியது. சோழர் பொலன்னறுவையை விட்டு நீங்கி இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகியிருந்த காலம் என்று நினைத்துக்கொண்டால், நம் பெரியகுளத்து இராசராசப் பெரும்பள்ளி என்ற பௌத்த விகாரையின் சாசனக் கற்களோடு சேர்த்து அதை மனத்தில் வைக்க முடியும். பிரதான பகுதி 1133 அளவில், அதாவது நாற்பதே ஆண்டுகளில், முடிந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தூண்களைத்தான் பார்ப்பார்கள். உயரமும் சுற்றளவும் ஏறத்தாழ 6.6 மீற்றர் என்று சமமாக அமைந்த உருண்டைத் தூண்களில் சாய்சதுரங்களும் வளைந்து நெளியும் கோடுகளும் ஆழமாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் படவரைஞரான நீங்கள் மேலே பார்க்க வேண்டும். கூரை முழுவதும் கல்லால் ஆனது. கல் விலாவெலும்புகள் முதலில் எழுந்து, அவற்றுக்கிடையே மெல்லிய கல் தோல் நிரப்பப்பட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய அளவில் இம்முறையைக் கையாண்ட மிகப் பழைய கட்டடங்களில் இது முதன்மையானது. நடுக்கூடத்தைக் குறுக்காகக் கடக்கும் வளைவுகள் அரைவட்டமாக இல்லாமல் உச்சியில் கூராக முடிவதையும் கவனியுங்கள். அகலம் வேறுபட்டாலும் உயரத்தைச் சமமாக வைத்துக்கொள்ள அந்தக் கூர்முனை உதவுகிறது. பின்னால் ஐரோப்பா முழுவதும் பரவிய கோதிக் முறையின் விதை அதில் இருக்கிறது. தூணும் உத்தரமும் வைத்துக் கட்டிய நம் கோயில்களில் வளராத இந்த வளைவுக் கணக்கை, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தே ஒரு பக்கத்தில் வரைந்துவிடலாம்.

நடுக் கோபுரத்துக்கு 325 படிகள். அம்மாவை அங்கே ஏற்ற வேண்டாம். அவர் கீழே இருந்து, கிழக்கு முனையிலுள்ள ஒன்பது பீட மண்டபத்தின் கருந்தூண்களைப் பார்க்கட்டும். மெருகேற்றிய அந்தக் கல்லில் பண்டைய பவளங்களின் வெண்ணிறப் புதைபடிவங்கள் பூப்போலத் தெரியும். நம் ஊர்க் கடற்கரையில் பவளக்கற்களைப் பொறுக்கி விளையாடியவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இனி, உங்கள் உண்மையான கேள்வி. பேராலயத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் கிங்ஸ்கேட் பாலம் இருக்கிறது. 1963இல் கட்டப்பட்ட கொங்கிறீற் நடைபாலம். வடிவமைத்தவர் ஓவ் அரூப். சிட்னி ஒப்பெரா மாளிகையின் கட்டமைப்புக் கணக்கைச் செய்த நிறுவனம் அவருடையது. ஆற்றின் நடுவே சாரம் கட்ட வேண்டிய செலவைத் தவிர்ப்பதற்காக, பாலத்தின் இரு பாதிகளையும் தனித்தனியே இரு கரைகளிலும் ஆற்றோட்டத்துக்கு இணையாக வார்த்து, பிறகு ஒவ்வொன்றையும் 90 பாகை திருப்பி நடுவில் பொருத்தினார்கள். கதவின் இரு இறக்கைகளைச் சாத்துவதுபோல. பொருத்திய இடத்தில் வெண்கல இணைப்பு இன்றும் வெளியே தெரிகிறது. அதை மறைக்க அவர் விரும்பவில்லை. அவர் இறந்தபோது அவருடைய சாம்பலை அந்தப் பாலத்திலிருந்தே ஆற்றில் தூவினார்கள். பார்ப்பதற்கு எளிமையானது, புகைப்படத்தில் ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் பேராலயத்தின் பக்கத்தில் நின்று அதற்குப் போட்டியாகக் குரலெழுப்பாத இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றை எனக்குக் காட்டச் சொன்னால், இதையே முதலில் காட்டுவேன்.

நியூகாசிலில், டைன் ஆற்றின் கரையில் நின்றால் பாலங்களே ஒரு பாடப்புத்தகம். 1849இல் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலம் ரொபேட் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. மேலே புகையிரதம், கீழே தெரு. வளைவுகள் அமுக்கத்தைத் தாங்கும் வார்ப்பிரும்பு. அவற்றின் இரு முனைகளையும் விலகாமல் இழுத்துப் பிடிப்பது தேனிரும்பு. எந்த இரும்பு எதற்கு உகந்தது என்பதை அந்தக் காலத்திலேயே பிரித்து அறிந்து கட்டியிருக்கிறார்கள். 1928இல் திறந்த டைன் பாலம் உருக்கு வளைவு. 162 மீற்றர் அகலத்தை ஒரே பாய்ச்சலில் கடக்கிறது. அதைக் கட்டிய டோர்மன் லோங் நிறுவனமே சிட்னித் துறைமுகப் பாலத்தையும் கட்டியது. இரு முனைகளிலும் நிற்கும் கருங்கற் கோபுரங்கள் பண்டகசாலைகளாகப் பயன்படும் என்று எண்ணப்பட்டவை. உள்ளே தளங்கள் போடப்படவேயில்லை. பாரத்தையெல்லாம் அவையே தாங்குவதுபோல் தோன்றினாலும், வளைவின் உந்துதலை ஏற்பது அவையல்ல. எனக்கு அந்தக் கோபுரங்களில் சிறிது பொய் இருப்பதாகவே படும். 2024இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு, 2028இல் வரும் நூற்றாண்டை நோக்கி நடப்பதால், சில பகுதிகளைச் சாரமும் திரையும் மறைக்கக்கூடும். மே மாதம் போவதால் ஒரு நன்மை உண்டு: கடலிலிருந்து பல கிலோமீற்றர் உள்ளே வந்து, அந்த உருக்கு விளிம்புகளைப் பாறை முகடாகக் கருதிக் கூடு கட்டும் கிட்டிவேக் என்னும் கடற்பறவைகளை அப்போது பார்க்கலாம். நம் ஊர்ச் சாமிமலையின் செங்குத்தில் கடற்பறவைகளைப் பார்த்துப் பழகியவருக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

அதே கரையில், 2001இல் திறக்கப்பட்ட மிலேனியம் பாலம் உங்கள் கேள்விக்கு நேரான விடை. இரண்டு வளைவுகள்: ஒன்றின்மேல் மக்கள் நடக்கிறார்கள்; மற்றது வானில் எழுந்து கம்பிகளால் அதைத் தாங்குகிறது. கப்பல் வரும்போது இரண்டும் சேர்ந்து ஒரே அச்சில் 40 பாகை சாய, நடைபாதை மேலெழுந்து கப்பலுக்கு வழி விடுகிறது. கண்ணிமை திறப்பதுபோல இருக்கும் என்பதால் அங்குள்ளவர்கள் அதை இமைக்கும் கண் என்கிறார்கள். சாயும்போது தளத்தில் கிடக்கும் குப்பை தானாகவே உருண்டு ஓரத்திலுள்ள பொறிக்குள் விழுந்துவிடும். வேறிடத்தில் பொருத்தி முடித்த பாலத்தை 2000 நவம்பரில் ஒரு மிதக்கும் பாரந்தூக்கி முழுதாகத் தூக்கிவந்து அதன் இடத்தில் இறக்கியது. கப்பல் போக்குவரத்து நடந்த ஆறு என்பதால்தான் திறக்கும் பாலம் தேவைப்பட்டது. கப்பல் கட்டிய ஊர் என்பதால்தான் இப்படி ஒரு யோசனை அங்கே இயல்பாகத் தோன்றியது. சாய்க்கும் நேரத்தை மகளிடம் சொல்லி முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரை சமதளம், அம்மாவுக்குச் சிரமம் இராது.

பழைய நகரசபை ஊழியர் எழுதுகிறார்:

மேலே எழுதிய தம்பியின் விளக்கம் நன்று. ஆனாலும் பாலங்களையும் பேராலயத்தையும் பார்த்துவிட்டு வருபவர், அந்த ஊர் மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமலே வந்துவிடுவார். என் சகோதரியின் வீட்டில் ஓராண்டு தங்கியிருந்தபோது எனக்குப் பிடித்துப்போன இடம் பைக்கர் என்னும் தொழிலாளர் குடியிருப்பு. ரால்ஃப் எர்ஸ்கின் என்ற கட்டடக்கலைஞர் 1969 முதல் அதை வடிவமைத்தார். பக்கத்தில் பெருந்தெரு ஒன்று வரவிருந்ததால், அதன் இரைச்சலையும் வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றையும் தடுக்க, வீடுகளையே வளைந்து நெளியும் ஒரு நீண்ட மதிலாகக் கட்டினார். மதிலின் வடக்கு முகத்தில் சிறு சிறு யன்னல்கள். தெற்கு முகத்தில் பச்சையும் நீலமுமாக வர்ணம் பூசிய மர மாடங்கள். எர்ஸ்கினின் குழுவினர் அந்தக் குடியிருப்புக்குள்ளேயே அலுவலகம் திறந்து, குடியிருப்பவர்கள் நினைத்த நேரத்தில் உள்ளே வந்து கேள்வி கேட்கும்படி வைத்திருந்தார்கள். நகரசபையில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கதவைத் திறந்து வைப்பது எளிதான காரியம் அல்ல. பழைய குடியிருப்பாளர்களில் பலர் திரும்பி வந்து சேரவில்லை என்ற குறையும் உண்டு. அதை மறைத்துப் புகழக் கூடாது.

புதியது எல்லாம் நிலைக்கும் என்றும் எண்ண வேண்டாம். கேற்ஸ்ஹெட்டில் 1960களில் எழுந்த பல மாடிக் கொங்கிறீற் வாகனத் தரிப்பிடம் ஒன்று, ஊரின் தலைக்கு மேல் கோட்டைபோல நின்றது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று சிலரும் ஒழிக்க வேண்டும் என்று பலரும் வாதிட்டார்கள். 2010இல் இடித்தார்கள். இடித்த கொங்கிறீற்றின் துண்டுகளைத் தகரப் பேணிகளில் அடைத்து நினைவுப் பொருளாக விற்றார்கள். வெறுத்த கட்டடத்தைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனவர்களின் மனம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதற்கு மாறாக, பீட்டர்லீ என்ற புதுநகரில் ஓவியர் விக்டர் பாஸ்மோர் 1969இல் அமைத்த அப்பலோ மண்டபம் பிழைத்துக்கொண்டது. சிறு குளத்தின்மேல் கொங்கிறீற் பலகைகளை அடுக்கியதுபோன்ற, எந்தப் பயனும் இல்லாத ஒரு கட்டடம். கிறுக்கல்களாலும் உடைப்புகளாலும் சீரழிந்து, இடிக்கும் நிலைக்கு வந்து, 2009இல் திருத்தப்பட்டு, 2011இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. வரைவதற்கு நேர்கோடுகள் நிறைந்த நல்ல பாடம்.

‘வடக்கின் தேவதை’ என்னும் பெருஞ்சிலையைப் பற்றி யாரேனும் நிச்சயம் எழுதுவார்கள். என் கருத்தில் அது கட்டடமுமல்ல, அழகுமல்ல. துருப்பிடித்த ஆகாயவிமானம் ஒன்று நெடுஞ்சாலை ஓரத்தில் குத்திட்டு நிற்பதாகவே எனக்குத் தோன்றியது.

வரலாற்று ஆசிரியை எழுதுகிறார்:

ஐயாவுக்கு ஒரே ஓர் இடத்தைக் கூற விரும்புகிறேன். நியூகாசிலிலிருந்து மேற்கே புகையிரதத்தில் போனால் ஹெக்ஸம் என்ற சிற்றூர் வரும். அங்குள்ள மடாலயத்தின் அடியில், ஏறத்தாழ 674இல் வில்பிரிட் என்ற துறவி கட்டிய நிலவறை அப்படியே இருக்கிறது. அதற்கான கற்கள் புதிதாக வெட்டியவை அல்ல. அருகில் கைவிடப்பட்டுக் கிடந்த உரோமர் நகரின் கட்டடங்களிலிருந்து பெயர்த்தெடுத்தவை. உரோமச் செதுக்கல்களும் எழுத்துகளும் சுவரிலேயே தெரிகின்றன. அவற்றுள் ஒரு கல்வெட்டில், பேரரசன் கரகல்லா தன் தம்பி கேற்றாவைக் கொன்றபின் அந்தப் பெயரை எங்கும் அழிக்கக் கட்டளையிட்டதற்கிணங்க, கேற்றாவின் பெயர் இருந்த இடம் கொத்தி அழிக்கப்பட்டிருக்கிறது.

பிரெட்ரிக் கோட்டை வாசலில் பொறித்திருக்கும் இணைக் கயல்களையும், குளக்கோட்டனின் பெயர் தாங்கிய சிதைந்த தமிழ் எழுத்துகளையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பழைய கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களையே கோட்டைக்கு எடுத்தார்கள். ஹெக்ஸத்தில் நடந்ததும் நம் ஊரில் நடந்ததும் ஒன்றல்ல. அங்கே உரோமர் போய் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு ஆளில்லாத இடிபாட்டிலிருந்து கல் எடுத்தார்கள். இங்கே பூசை நடந்துகொண்டிருந்த கோயில். ஆயினும் ஒரு கட்டடத்தின் கல் இன்னொரு கட்டடத்துக்குள் எழுத்தோடு போய்ச் சேர்வதை நேரில் பார்த்த கண்ணுக்கு, அந்த நிலவறையில் பத்து நிமிடம் போதாது. படிகள் ஒடுக்கமும் செங்குத்துமானவை. அம்மா மேலேயே இருக்கலாம். திறக்கும் நேரம் வரையறுக்கப்பட்டது என்பதால் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள்.

கிண்ணியாப் பாதைக்காரன் மகன் எழுதுகிறார்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இவ்வளவு பேர் எழுதியும் ஹார்ட்டில்பூல் என்ற பெயர் இன்னும் வராதது எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய கப்பல் அங்கேதான் நிற்கிறது.

‘எச்.எம்.எஸ். திரிங்கோமலி’ 1782இல் நம் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய போரின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்ட போர்க்கப்பல். பிரித்தானியாவில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு இருந்ததால், பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கப்பற்றளத்தில், மலபார்த் தேக்கினால் கட்டி 1817 ஒக்டோபரில் கடலில் இறக்கினார்கள். படவரைஞர் ஐயா அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதன் வரைபடங்களை முதலில் ஏற்றிவந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812இல் அமெரிக்கரின் ‘கொன்ஸ்ரிரியூஷன்’ தோற்கடித்து அழித்துவிட்டது. வரைபடங்களும் போய்விட்டதால், மறுபிரதி எடுத்து அனுப்பும்வரை பம்பாயில் காத்திருந்தார்கள். இன்று உலகில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் ‘திரிங்கோமலி’யை விடப் பழையது அந்தக் ‘கொன்ஸ்ரிரியூஷன்’ ஒன்றுதான். 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து, வேலையிழந்திருந்த கப்பற்றொழிலாளர் உட்படப் பலரின் உழைப்பால் 2001 வரை திருத்தினார்கள். கப்பலைக் கட்டடம் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். அதன் கீழ்த்தளத்தில் குனிந்து நின்று, வளைந்த மரச் சட்டங்கள் வரிசையாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, டர்ஹாமின் கல் விலாவெலும்புகளை நினைத்துப் பாருங்கள்.

நகரசபை ஊழியர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. அந்தத் ‘தேவதை’யும் ஹார்ட்டில்பூலில் செய்யப்பட்டதுதான். 20 மீற்றர் உயரம், 54 மீற்றர் சிறகு, 200 தொன் உருக்கு. சிற்பி அந்தனி கோர்ம்லி உடலின் விலாச் சட்டங்களை உள்ளே மறைக்காமல் வெளியே வைத்தார். அது கப்பல் கட்டுபவரின் கைவேலை. உடலும் இரு சிறகுகளுமாக மூன்று துண்டுகளைத் தெருவழியே கொண்டுவந்து 1998 பெப்ரவரியில் நிறுத்தினார்கள். நிற்கும் மேடு பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் குளியலறைகள் இருந்த இடம். துரு என்று நீங்கள் சொன்னது பழுதல்ல. செம்பு கலந்த அந்த உருக்கு, தன்மேல் படரும் துருவையே காப்பாகக் கொள்ளும். சிறகுகள் நேராக நிற்காமல் 3.5 பாகை முன்னோக்கி வளைந்திருப்பதை, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர் காண முடியாது. காலடியில் நின்றால்தான் தெரியும். எனக்கும் தூரத்தில் அது பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹார்ட்டில்பூலுக்குப் போகும் நாளிலேயே மிடில்ஸ்பரோவின் தூக்குப் பாலத்தையும் பாருங்கள். 1911இல் திறந்தது. உயரமான உருக்குச் சட்டத்திலிருந்து கம்பிகளால் ஒரு மேடை தொங்கும். வாகனங்களும் மக்களும் அதில் ஏறியதும், மேடை டீஸ் ஆற்றுக்கு மேலாக அந்தரத்தில் மறுகரைக்கு நகரும். மேலே சட்டம் அவ்வளவு உயரத்தில் இருப்பதால் கப்பல்களின் பாய்மரங்கள் தடையின்றிப் போகலாம். 2019 முதல் ஓடவில்லை. வெளியே நின்றுதான் பார்க்க முடியும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவையில் வாகனங்களை ஏற்றி இறக்கிய குடும்பத்தில் பிறந்தவன் நான். தண்ணீரைத் தொடாமல் போகும் பாதை ஒன்றை முதன்முதலாகப் பார்த்தபோது என் வாப்பாவைத்தான் நினைத்தேன்.

உவர்மலைப் படவரைஞர்:

எல்லோருக்கும் என் நன்றி. பதில்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, கப்பலில் எத்தனை படிகள் என்பதுதான். கிண்ணியாத் தம்பி அதை அறியத்தர வேண்டும். நியூகாசிலிலிருந்து சண்டர்லண்ட் வழியாகக் கரையோரமாகவே ஹார்ட்டில்பூலுக்குப் புகையிரதம் போகிறது என்று மகள் சொல்கிறாள். ஆகவே முதல் நாள் பேராலயம் என்று போட்டிருந்த திட்டத்தை மாற்றி, கப்பலையே முதற்பக்கத்தில் வரையப்போகிறேன். பைக்கருக்கு ஒரு நாளும் ஹெக்ஸத்துக்கு ஒரு நாளும் ஒதுக்கியாயிற்று. கிங்ஸ்கேட் பாலத்தின் வெண்கல இணைப்பை மட்டும் முழு அளவில் வரைந்து வரலாம் என்று நினைக்கிறேன். அதற்கு அளவுநாடா கொண்டுபோனால் யாரும் தடுப்பார்களா?

வியர் ஆற்றங்கரையான்:

தடுக்கமாட்டார்கள் ஐயா. ஆனால் மாணவர்கள் வகுப்புக்கு ஓடும் வழி அது. காலை பத்து மணிக்குப் பிறகு வாருங்கள். நாடாவின் மறுமுனையை நான் பிடிக்கிறேன்.